முழங்கால் வலியும் மீறிய வாக்கும்

ஒரு பிள்ளை மேல் மூன்று பேருக்குப் பாசம் இருந்தால் வழக்குக்குப் பஞ்சமிராது. போடிநாயக்கனூரில் வசுமதியும் அவள் அக்காள் குடும்பமும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் நடந்ததும் அதுதான்.

வசுமதியின் அக்காள் மகள் இந்துஜாவுக்குப் பன்னிரண்டு வயது. உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் போதிய அளவு சுரக்காததால் வகுப்பிலேயே குள்ளமாக இருந்தாள். மதுரை மருத்துவர் தினம் ஓர் ஊசி எழுதிக்கொடுத்தார். அக்காள் கஸ்தூரிக்கு ஊசி என்றாலே பயம். ஆகவே அந்தப் பொறுப்பு வசுமதிக்கு வந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்ன மருத்துவர், தலைவலியோடு பார்வை மங்கினாலோ, இடுப்பிலோ முழங்காலிலோ வலி வந்து பிள்ளை நொண்டினாலோ, உடனே கூப்பிடும்படியும் சொல்லியிருந்தார்.

எட்டு மாதத்தில் இந்துஜா ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தாள். பள்ளி வாலிபால் அணிக்குப் பெயர் கொடுத்தாள். ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சித்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் வலது முழங்கால் வலிக்கிறது என்றாள்.

"சொன்னா ஊசியை நிறுத்திடுவாங்க சித்தி. நான் இப்படியே நின்னுருவேன்."

வசுமதிக்கு மனம் இளகிவிட்டது. தொட்டுப் பார்த்தாள், முழங்காலில் வீக்கமில்லை. மூன்று நாள் பொறுத்தாள். வியாழன் காலை, பிள்ளை வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நொண்டி வருவதைக் கண்டதும் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இந்துஜாவின் அப்பா சிவநேசன் அசரவில்லை. வளர்கிற பிள்ளைக்குக் கால் குடைவது சகஜம், தைலம் தேய்த்தால் போகும், ஊசியை மட்டும் விடக்கூடாது என்றார். கஸ்தூரி ஊசிப் பெட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். இனி இந்த மருந்தே வேண்டாம், விட்டால் வலி தானாக அடங்கும் என்று சொல்லி, மகளைப் பள்ளிக்கு நடக்கச் சொன்னாள்.

வசுமதி ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. இந்துஜாவை நாற்காலியில் உட்காரவைத்து, மருத்துவமனைக்குப் போன் செய்து, கண்டதைச் சொன்னாள். உடனே அழைத்து வரச் சொன்னார்கள்.

"சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செஞ்சிட்டீங்களே சித்தி" என்று பிள்ளை அழுதாள்.

"ஆமா, மீறிட்டேன். கோபத்தை என் மேல வச்சுக்க. காலை மட்டும் தரையில ஊனாதே" என்று சொல்லி, அவளைத் தூக்கிக் காரில் உட்காரவைத்தாள்.

ஊசி தொடரட்டும் என்றார் தகப்பன். நிறுத்தினாள் தாய். வாக்கை மீறினாள் சித்தி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வசுமதி செய்ததே சரி. வலித்தது முழங்கால், பழுது இடுப்பில். தொடை எலும்பின் தலைப்பகுதி சற்று நழுவியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு அரிதாக நேர்வது அது. தைலம் அதை எட்டியிராது. ஊசியை விடுவதால் மட்டும் எலும்பு நழுவுவது நின்றிராது. பள்ளிக்கு நடந்திருந்தால் ஒவ்வோர் அடியும் அதை இன்னும் நழுவ வைத்திருக்கும். எலும்பை ஒரு திருகாணியால் பொருத்தினார்கள். ஊசியை நிறுத்திவைத்ததும், கால் தேறிய பின் சோதித்துப் பார்த்துத் தொடங்கியதும் மருத்துவரே. இந்துஜா இப்போது அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். வசுமதி மட்டும் பாராட்டை முழுதாக ஏற்பதில்லை. வியாழக்கிழமை தான் செய்தது சரி, திங்கட்கிழமை சத்தியம் கொடுத்து மூன்று நாள் பொறுத்தது தப்பு என்பாள். அதுவும் சரியான விடையே.