புது பெல்ட் இழுத்த கழுத்து

இந்தக் கதையில் விடை சொல்ல வேண்டியவன் இன்னாசி. மிஷின் ரிப்பேரில் கை தேர்ந்தவன் என்று அவனுக்குப் பேர். வாய் அவ்வளவு தேர்ந்ததல்ல. ஆனால் ஒரு ஆளின் உயிர் அன்றைக்கு அவன் வாயில்தான் தொங்கியது.

திண்டுக்கல்லில் சவரியம்மாளுக்கு ஒரு பூட்டுப் பட்டறை உண்டு. தகட்டில் ஓட்டை போடும் டிரில்லிங் மிஷின் அங்கே ரொம்பப் பழையது. அதன் பெல்ட்டுகள் வெடித்து, தேய்ந்து, வழுக்கத் தொடங்கியிருந்தன. மோட்டார் அது பாட்டுக்கு ஓடும். இரும்பில் இறங்கிய முனையோ பாதியில் நின்றுவிடும். இன்னாசி வந்து பேரிங்கை மாற்றினான். புது பெல்ட்டுகளை மாட்டி, மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினான். தடித்த இரும்புத் தகடு ஒன்றை வைத்து ஓட்டிப் பார்த்தான். முனை திணறாமல் மறுபக்கம் வந்தது.

"இனிமே எதைக் குடுத்தாலும் நிக்காதுக்கா" என்றான் சவரியம்மாளிடம்.

அந்த மிஷினில் வேலை செய்யும் பெருமாள்சாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றித் தெருவுக்கே ஒரு விஷயம் தெரியும். சந்தையில் நடந்த கொலை ஒன்றைக் கண்ணால் கண்டவன் அவன். எல்லாரும் பார்க்கவில்லை என்று ஒதுங்கியபோது, கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னான். கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. கொன்றவனின் தம்பி தவமணி, பெருமாள்சாமியை வெட்டாமல் விடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தான்.

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தவமணி உள்ளே வந்தான். கழுத்தில் துண்டு, கையில் அரிவாள். முதல் வெட்டு பெருமாள்சாமியின் தோளில் இறங்கியது. ரத்தம் தகடுகள்மேல் தெறித்தது. பெருமாள்சாமி மிஷினைச் சுற்றி ஓட, தவமணி குறுக்கே எட்டி இரண்டாவது வெட்டை ஓங்கினான். குனிந்த வேகத்தில் அவன் துண்டின் முனை சுழலும் தண்டில் சிக்கியது.

பழைய பெல்ட்டாக இருந்தால் வழுக்கி விட்டிருக்கும். புது பெல்ட் விடவில்லை. துண்டு கயிறாக முறுக்கிச் சுற்றியது. தவமணியின் தலை தண்டோடு போய் மோதியது. கன்னம் கிழிந்தது. அப்போதும் அவன் அரிவாளை விடவில்லை. கண்மண் தெரியாமல் காற்றில் வீசினான்.

இன்னாசி சுவிட்சுக்குப் பாய்ந்தான். சவரியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நிறுத்தாத. அவன் எந்திரிச்சா இவனைக் கொன்னுருவான்."

இன்னாசி அவர் கையை உதறிவிட்டு சுவிட்சை அணைத்தான். மிஷின் நின்றது. ஆனால் துண்டு சுற்றியபடியே கழுத்தை இறுக்கிக் கிடந்தது. தவமணி மிஷினோடு கட்டுண்டு கிடந்தான். முகம் நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. இன்னாசி துண்டை இழுத்துப் பார்த்தான், பெல்ட்டைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தான். ஒன்றுக்கும் அசையவில்லை.

அதற்குள் பெருமாள்சாமி சுத்தியலை எடுத்துவிட்டான். தவமணியின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். அரிவாள் கீழே விழுந்தது. மறுபடியும் அடித்தான். வெறுங்கையில் எலும்பு முறியும் சத்தம் இன்னாசிக்குக் கேட்டது. பிறகு சுத்தியலைப் போட்டுவிட்டு அரிவாளை எடுத்தான். இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான். தலை விழும் என்றுதான் நினைத்தான். திறந்து பார்த்தபோது அறுபட்டிருந்தது துண்டு. தவமணி தரையில் கிடந்து கொர்ரென்று மூச்சை இழுத்தான்.

போலீஸ் வந்தது, கேஸ் பதிவானது. தவமணி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். வலது கை மட்டும் இனி உதவாது என்றார்கள். நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை.

ஒரு நாள் அவன் தாய் வெள்ளையம்மாள் தன் ஆட்களோடு பட்டறைக்கு வந்தாள். ஒரு மகன் ஜெயிலில், ஒரு மகன் கட்டிலில். அந்தக் குடும்பத்தில் அவள் சொல்லை யாரும் தாண்டுவதில்லை.

"எம்புள்ள உசுரைத் திருப்பிக் குடுத்தது யாரு? அந்த ஒருத்தன் மேல எங்க ஆளுக கை படாது. இது என் வாக்கு. மத்தவங்களுக்கு நான் பொறுப்பில்ல."

சவரியம்மாளுக்குப் பொய் வராது. நிறுத்தாதே என்று தான் தடுத்ததையும், அதை மீறி இன்னாசி அணைத்ததையும், பெருமாள்சாமி தவமணியின் கையை உடைத்ததையும், பிறகு துண்டை அறுத்ததையும் அப்படியே சொன்னார். வந்தவர்களில் ஒருவன், கழுத்தை இழுத்த பெல்ட்டை மாட்டியவனும் இன்னாசிதானே என்று முணுமுணுத்தான். அந்த வாக்கு இப்போது இன்னாசிக்கும் வேண்டியிருந்தது. தோளில் கட்டோடு பெருமாள்சாமி ஓரமாக நின்றான்.

வெள்ளையம்மாள் இன்னாசியைப் பார்த்தாள். "நீயே சொல்லு தம்பி. யாரு?"

சுவிட்சை அணைத்தவன் ஒருவன். துண்டை அறுத்தவன் ஒருவன். அணைக்காமல் இருந்தாலும் தவமணி செத்திருப்பான், அறுக்காமல் இருந்தாலும் செத்திருப்பான். இன்னாசி யாரைக் காட்டுவது நியாயம்?

விடை: இன்னாசி பெருமாள்சாமியைக் காட்டினான். அதுதான் நியாயம். சுவிட்சை அணைத்த இன்னாசிக்குத் தவமணியோடு பகையில்லை. அந்த இடத்தில் இரக்கமுள்ள யாரும் அதைச் செய்திருப்பார்கள். பெருமாள்சாமியிடமோ பகை இருந்தது, அரிவாள் இருந்தது, தடுக்க யாரும் நெருங்கவும் இல்லை. சும்மா நின்றிருந்தாலே எதிரி செத்திருப்பான். கொல்லக் காரணமுள்ளவன் கொடுத்த உயிர்தான் கொடுத்த உயிர். ஆனால் அரிவாள் விழுந்த பிறகு வெறுங்கையை உடைத்தது தவறு. துண்டை அறுத்ததால் அந்தத் தவறு அழிந்துவிடாது. வெள்ளையம்மாளும் அதைத்தான் கேட்டாள்: "கையை எதுக்குடா ரெண்டாவது தடவை அடிச்ச?" பெருமாள்சாமி தலை நிமிராமல் சொன்னான்: "முதல் அடி அருவாளுக்கு. அடுத்தது என் ஆத்திரத்துக்கு." "என் வாக்கு வாக்குதான்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவள் இன்னாசியைத் திரும்பியும் பாராமல், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அதன்பின் அவர்களில் யாரும் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.