யானையோடு கயிறு இழுத்த கட்டை விரல்

ஒரு காலத்திலே வேம்பனூர்ச் சீமையை இடிகண்டன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. ஒருநாள் பட்டத்து யானையோடு கயிறு இழுக்கும் போட்டியில் இறங்கினார். யானை ஜெயித்தது. ராஜாவின் வலது கட்டை விரல் அடிமூட்டு விலகிப் போனது.

அரண்மனை வைத்தியர் ஞானவல்லபப் பண்டிதர் மூன்று நாளாகப் பதினெட்டு வகை இலையை அரைத்துப் பூசினார். விரல் பச்சையானது, மூட்டு இருந்த இடத்துக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் கோட்டைக்கு வெளியே எலும்பு கட்டும் ஒச்சம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கொட்டகையில் கால் உடைந்த கல்தச்சர், தோள் நழுவிய மரமேறி என்று பதினாறு பேர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டோடு கிடந்தார்கள். "அசையாமக் கிடங்க, இதோ வந்துடறேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

விரலைத் தடவியபடியே கேட்டாள்: "மகாராஜா, அந்த யானைக்கு என்ன பேரு?"

"எந்த யா..."

டொக்!

ராஜா கத்துவதற்கு வாயைத் திறந்தார். வலியைக் காணோம். திறந்த வாயைச் சும்மா மூடுவானேன் என்று சிரித்துவிட்டார். ஒச்சம்மா பத்தை வைத்து இறுக்கினாள். "பதினஞ்சு நாளைக்கு அவுக்கக் கூடாது."

குஷியில் ராஜா சபையைப் பார்த்து முழங்கினார்: "என் உடம்பிலேயே உயர்ந்த மூட்டு எது?"

பண்டிதர் மூக்கால் பேசுகிறவர். "கபால மூட்டுகளே பிரபோ! மண்டையோட்டு எலும்புகள் பல்லோடு பல் கோத்து, தங்கள் சிம்மாசனம் போலவே அசையாமல் நிற்கின்றனவே! மேலே கிரீடம் வேறு!"

"நீ சொல்லு, ஒச்சம்மா."

அவளுக்கு முகத்துதி வராது. "தோள்மூட்டு கிண்ணத்துல பந்து மாதிரி, எந்தப் பக்கமும் சுத்தும். முழங்கை கதவுக் கீல், மடக்கலாம், நீட்டலாம். எலும்பு நுனியில வழுவழுன்னு குருத்தெலும்பு, நடுவுல எண்ணெய் மாதிரித் தண்ணி, சுத்தி இழுத்துப் பிடிக்க நாரு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்பக் கட்டினேனே, அதுதான் உசத்தி. அங்கே ஒரு எலும்பு குதிரைச் சேணம், இன்னொண்ணு அதுமேல சவாரி. அதனாலதான் கட்டை விரலு நாலு விரலையும் தொட்டுட்டு வருது."

"அபசாரம்! அபசாரம்!" பண்டிதரின் மூக்குக் குரல் இரண்டு சுருதி மேலே ஏறியது. "கிரீடம் வைத்த தலையைவிட ஓரத்துக் குட்டை விரல் உசத்தியாம்! தங்களை எங்கே வைக்கிறாள் பார்த்தீர்களா?"

ராஜாவின் மத்தியானப் புத்தி வந்துவிட்டது. "நாடு கடத்துங்கள் இவளை!"

ஒச்சம்மா கொட்டகை இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு பேர் கட்டை யார் அவிழ்ப்பது? பாதியில் விட்டுப் போனால் ஆயுசுக்கும் நொண்டி, முடம். அப்போதுதான் அந்தச் சீமை வழக்கம் நினைவுக்கு வந்தது. நாடு கடத்தும் ஓலையை ராஜாவே தன் வலது கையால், அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் எழுத வேண்டும். இல்லையென்றால் ஆணை செல்லாது.

"உத்தரவு மகாராஜா. ஓலையை எழுதிக் குடுங்க, வாங்கிட்டுக் கிளம்பறேன்."

எழுத்தாணி வந்தது. ராஜா நாலு விரலால் பிடித்தார். விழுந்தது. உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். ஓலை கிழிந்தது. கோபத்தில் மீசையை முறுக்கப் போனார். நாலு விரலும் மீசையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தன.

"கட்டை அவிழ்த்துவிடலாமே பிரபோ!" என்றார் பண்டிதர்.

"தாராளமா அவுக்கலாம்" என்றாள் ஒச்சம்மா. "மறுபடி விலகினா பண்டிதரே பூட்டிவிடட்டும். கைவசம் பதினெட்டு இலை இருக்கே!"

ராஜா சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "கிரீடம் தலையிலேதான் இருக்கிறது. ஆனால் என் அதிகாரம் முழுவதையும் நீ ஒரு முழத் துணியில் கட்டிவிட்டாயே! இனிமேல் அரண்மனை மூட்டு வைத்தியம் உன்னுடையது. உன் கொட்டகைக்கு நாளைக்கே ஓடு போடச் சொல்கிறேன். பண்டிதருக்கும் இரண்டு கட்டை விரலையும் கட்டு. எனக்குத் துணை வேண்டாமா?"

மறுநாள் காலை, ராஜாவின் கட்டைப் பார்க்க ஒச்சம்மா வந்தாள். சபையே கைகூப்பி நிற்க, பண்டிதர் மட்டும் இரண்டு முழங்கையையும் இடுப்போடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"பண்டிதரே, வணக்கம் எங்கே?"

"கையைத் தூக்கினால்... வேட்டி நிற்காது பிரபோ! காலையிலிருந்து முடிச்சே விழவில்லை!"

"உயர்ந்த மூட்டு எது?"

"கட்டை விரல் அடிமூட்டு! சத்தியமாகக் கட்டை விரல் அடிமூட்டு!"

ஒச்சம்மாவுக்கே பாவமாகிவிட்டது. ராஜாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார். கட்டுகளை அவிழ்த்துவிட்டாள். பண்டிதர் முதலில் வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு பத்து விரலையும் சேர்த்து, ராஜா இருக்கும் பக்கம் திரும்பாமல், நேரே ஒச்சம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.