புரட்டாசி விரதம் இருந்த புழு

ஒரு தோட்டத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி. அந்தச் செடியில் ஒரு புழு. பெயர் கொம்பன்.

புழு என்றதும் சின்னதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கட்டைவிரல் தடிமன்! உடம்பெல்லாம் இலைப் பச்சை. வாலில் ஒரு குட்டிக் கொம்பு. கழுத்தில் இரண்டு நீலப் பொட்டு, பார்த்தால் உருட்டி விழிக்கிற கண் மாதிரியே இருக்கும். நிஜக் கண்ணோ கடுகை விடச் சின்னது. அதை யார் பார்த்தார்கள்!

கொம்பனுக்கு ஒரே வேலை, தின்பது. இன்னும் ஐந்து நாள் வயிறு முட்டத் தின்றுவிட்டால், மண்ணுக்குள் போய்க் கூடாகிப் படுத்துவிடலாம். எழுந்தால் இறக்கை! ஆனால் அந்த ஐந்து நாளும் உயிரோடு இருக்க வேண்டுமே!

செடிக்கு அடியில் ஒரு தேரை குடியிருந்தது. அதற்குக் கொம்பனைக் கண்டாலே ஆகாது. காரணம், மேலிருந்து மிளகு மிளகாக விழும் எச்சம்.

"டேய் கொம்பா! தின்கிறதை மேலே தின்னு. அதை ஏன்டா என் தலையில போடுற?"

"நான் எங்க போட்டேன்? நீங்கதான் வந்து வாங்கிக்கிறீங்க, அண்ணே!"

ஒரு காலையில் தவிட்டுக்குருவிகள் ஏழும் இரை தேடி வந்தன. மூத்தவள் சளசளாதான் முதலில் பார்த்தாள்.

"அடியே, ஓடி வாங்கடி! புழு! ஏழு பேருக்கும் பத்துற புழு!"

கொம்பனுக்கு உயிரே போய்விட்டது. பயத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தை உப்பினான். நீலப் பொட்டு இரண்டும் பளிச்சென்று விரிந்தன.

"ஐயையோ, பாம்பு!"

ஏழும் வேப்பமரத்துக்குப் பறந்துவிட்டன. அங்கே உட்கார்ந்து கீச்சுக்கீச்சென்று ஒரே கூப்பாடு. பாம்பைக் கண்டால் தவிட்டுக்குருவிக்கு வாய் மூடாது. ஊருக்கே சொன்னால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

உயிர் பிழைத்தது. கொம்பன் அத்தோடு விட்டிருக்கலாம். விட்டானா? அதுதான் இல்லை!

"தேரை அண்ணே, பார்த்தீங்களா? ஏழு பேரு! ஒரே முழி முழிச்சேன், ஓட்டம் பிடிச்சிட்டாங்க! என்கிட்ட என்னமோ இருக்கு."

"இருக்கு, இருக்கு. ரெண்டு பொட்டு இருக்கு. பேசாம தின்னுட்டு இறங்கற வழியப் பாரு."

கொம்பன் கேட்கவில்லை. மறுநாள் குருவிகள் தூரத்தில் வந்து எட்டிப் பார்த்தபோது, கழுத்தை உப்பிக்கொண்டு அவனே கூப்பிட்டான்.

"ஏய், சளசளா! பயப்படாதே, வா. நான் நினைச்சா உங்க ஏழு பேரையும் ஒரே வாயில முழுங்கிடுவேன். ஆனா நினைக்க மாட்டேன். அந்தப் பக்கத்துச் செடியிலேருந்து கொழுந்து இலையாப் பறிச்சிட்டு வாங்க!"

சளசளாவுக்கு ஒரே குழப்பம்.

"சாமி, பாம்பு இலையா சாப்பிடும்?"

கொம்பன் கழுத்தை இன்னும் கொஞ்சம் உப்பினான். அப்புறம் சொன்னான்: "புரட்டாசி மாசம்! வாயில கவுச்சி படக் கூடாது!"

"அடடா! எவ்வளவு பக்தியான பாம்பு!" என்று ஏழும் கன்னத்தில் போட்டுக்கொண்டன.

அன்றிலிருந்து கொம்பன் நகரவே இல்லை. இருந்த இடத்துக்கு இலை வந்தது. இலையோடு கும்பிடும் வந்தது. அதுவும் போதவில்லை. "கும்பிடறது எனக்குக் கேட்க வேண்டாமா? சத்தமா, இன்னும் சத்தமா!" என்று கூவச் சொன்னான். தவிட்டுக்குருவியிடம் சத்தம் போடச் சொல்ல வேண்டுமா என்ன? தோட்டமே அதிர்ந்தது.

தேரைக்குப் பகல் தூக்கம் போச்சு.

"டேய், இந்தச் சத்தம் கருவேலங்காடு வரைக்கும் போகுது. அங்க யாரு இருக்கான்னு தெரியுமா? கீரி! தவிட்டுக்குருவி கத்தினா பாம்பு இருக்குன்னு அதுக்குத் தெரியும்."

"வரட்டுமே! என் முழியப் பார்த்தா கீரிக்கும் நடுக்கம்தான்."

நான்காம் நாள் அவன் பச்சை மங்கிப் பழுப்பு ஏறத் தொடங்கியது. மண்ணுக்குள் போகும் நேரம் வந்துவிட்டதன் அடையாளம் அது.

"சாமிக்கு ஏன் நிறம் மாறியிருக்கு?" என்றாள் சளசளா.

"விரதத்துல வாடிட்டேன்! இன்னும் ரெண்டு இலை கொண்டு வா!"

ஐந்தாம் நாள் காலை. வேலி அசைந்தது. கீரி வந்துவிட்டது! சிவந்த கண், சிலிர்த்த மயிர்.

"பாம்பு எங்கே?"

"அதோ, எங்க பக்திமான்!" என்று ஏழும் ஒரே குரலில் காட்டின.

கொம்பன் கழுத்தை உப்பினான். கீரி நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கியது. கொம்பனுக்குக் கொம்பு நுனி வரைக்கும் குளிர்ந்துவிட்டது.

"ஐயா! நான் பாம்பில்லைங்க! புழு! வெறும் புழு!"

"என்னது, புழுவா?" ஏழு அலகும் சட்டென்று அவன் பக்கம் திரும்பின.

"இல்லை, இல்லை! பாம்பு!"

"அப்படி வா வழிக்கு!" கீரி பாய்வதற்குப் பதுங்கியது.

"ஐயோ, புழுங்க!"

"புழுவா?" குருவிகள் இரண்டு கிளை கீழே இறங்கின.

"பாம்பு! புழு! பாம்... ஐயோ அம்மா!"

"ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை! எனக்குப் பசிக்குது!" என்று கத்தியது கீரி. அப்புறம் செடிக்கு அடியில் கிடந்த எச்சத்தை மோந்து பார்த்தது. முகத்தைச் சுளித்தது. "இலை தின்ன வயிறு! இது புழுதான்! அடியே, இந்தப் புழுவுக்கா என்னை அவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?"

கீரி குருவிகள் மேல் பாய்ந்தது. ஏழும் அலறிக்கொண்டு மேலே பறந்தன. அந்தக் குழப்பத்தில் கொம்பன் பிடியை விட்டான். பொத்தென்று விழுந்தது தேரையின் தலையில்!

"இதுவரைக்கும் எச்சம், இப்போ ஆளே வந்துட்டியா?" என்றது தேரை. "சருகுக்குள்ள போ. அசையாதே!"

கீரி முணுமுணுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனது. குருவிகள் இறங்கி வந்தன. இப்போது அவற்றுக்கு விஷயம் தெரியும். இலை சுமந்த கோபம் வேறு! செடி முழுக்கத் தேடிவிட்டு, கீழே சருகு சருகாகப் புரட்டின. சளசளாவின் அலகு கொம்பனுக்குப் பக்கத்துச் சருகைத் தூக்கியது.

கழுத்தை உப்பச் சொல்லி உடம்பெல்லாம் துடித்தது அவனுக்கு. உப்பினால் நீலம் தெரியும்; தெரிந்தால் கதை முடியும். அடக்கிக்கொண்டான். பழுப்பு உடம்போடு, சருகோடு சருகாக, அங்கே யாருமே இல்லாதது போலக் கிடந்தான்.

தேரை நகர்ந்து வந்து அவன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"தேரை அண்ணே, இங்க ஒரு புழுவைப் பார்த்தீங்களா?"

"புழுவா? ஒரு பக்திமான் இருந்தார். விரதம் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டார். நீங்களும் போங்கம்மா, நான் அஞ்சு நாளாத் தூங்கல!"

குருவிகள் திட்டிக்கொண்டே போயின. கொம்பன் விறுவிறுவென்று மண்ணுக்குள் புகுந்துகொண்டான்.

ஐப்பசியில் ஓர் அந்தி. நந்தியாவட்டைப் பூவின் முன்னால் பெரிய பச்சை இறக்கைகளோடு ஒரு விட்டில் தேன் குடித்துக்கொண்டிருந்தது. தேரை அண்ணாந்து பார்த்தது.

"அடேங்கப்பா! யாருங்க நீங்க? ராஜாவா?"

விட்டில் நாலாபக்கமும் ஒரு தடவை பார்த்தது. வேப்பமரத்தையும் பார்த்தது.

"மெதுவாப் பேசுங்க, அண்ணே," என்றது. "நான் ஒரு பூச்சி. அவ்வளவுதான்!"

உயிரைக் காக்கப் போட்ட வேஷத்தை ஊரை மிரட்டவும் போட்டால், அந்த வேஷமே நம் உயிரைக் கேட்டு வந்து நிற்கும்.