பரிசலில் கட்டிய அரிவாள்

குரு பரிசல் ஓட்டுபவர், வயது நாற்பத்தொன்று. சீடர் செயற்கைக்கோள் செய்பவர், வயது ஐம்பத்தாறு. இந்த வகைக் கதைகளில் குருவுக்குத்தான் வயது கூடுதலாக இருப்பது முறை. என்ன செய்வது, இவர் அறிவில் முந்திக்கொண்டார்.

அன்று மாலை மூன்றரை மணிக்குச் சீடர் தில்லைநாயகம் ஆற்றுத்துறையில் வந்து இறங்கினார். பின்னாலேயே செயலக அதிகாரி சுதர்சனம் ஒரு கோப்போடு இறங்கினார். அந்தக் கோப்பில் ஐந்து மணிக்குள் கையெழுத்து விழ வேண்டும்.

குரு மருதப்பன் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"இருபது வருஷமா ஒரு கோள் செஞ்சேன். புயலை நாலு நாள் முன்னாடியே சொல்லும். கடலுக்குப் போனவங்க உயிரோட திரும்பி வந்துடலாம். ராக்கெட்டும் தயார். ஆனா கூடவே இன்னொண்ணையும் ஏத்தணுமாம்."

"இன்னொண்ணுன்னா?"

தில்லைநாயகம் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். கோப்பில் அதற்குக் 'கூடுதல் சுமை' என்று பெயர். நாற்பது பக்கத்தில் பதினொரு இடத்தில் அந்தப் பெயர் வருகிறது. ஆயுதம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

"ஆயுதம். மேலேயிருந்து கீழே அடிக்கிறது. நான் கையெழுத்துப் போட்டா ரெண்டும் போகும். போடலைன்னா என் கோளும் போகாது."

"தற்காப்புக்குத்தான்," என்றார் சுதர்சனம். "ஒண்ணே ஒண்ணு. எதிரி நாட்டை மட்டும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கும்."

"மேல ஒரே இடத்துல நிக்குமா?"

"நிக்காது," என்றார் தில்லைநாயகம். "பூமியைச் சுத்திக்கிட்டே இருக்கும்."

மருதப்பன் எழுந்து புங்கமரத்தடிக்குப் போனார். அங்கே குவிந்து கிடந்த அரிவாள்களில் ஒன்றை எடுத்தார். பரிசலுக்குக் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பரிசலில் அரிவாள் ஏறாது. இந்தக் கரை ஆட்கள் தங்கள் அரிவாளை மரத்தடியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு அந்தக் கரைக்குப் போவார்கள். அங்கே கிடக்கும் அந்த ஊர் அரிவாளை எடுத்துப் புல் அறுப்பார்கள். அந்தக் கரை ஆட்கள் இங்கே வந்தாலும் அப்படியே. இரண்டு ஊருக்கும் முன்பு வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. எதற்காக என்று யாருக்கும் நினைவில்லை. வழக்கம் மட்டும் நினைவிருக்கிறது. இரண்டில் எதை மறக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்ணே, அரிவாளை எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சும்மா. தற்காப்புக்கு."

அவள் சிரிக்கவில்லை.

மருதப்பன் தன் துண்டால் அரிவாளைப் பரிசலின் விளிம்பில் கட்டினார். "எந்தக் கரையைப் பார்த்து இருக்கு சார்?"

"அந்தக் கரையை."

"இந்தக் கரைக்குப் பயமில்லையே?"

"இல்லை."

"ஏறுங்க."

சுதர்சனம் கோப்போடு கரையிலேயே நின்றுகொண்டார். நடு ஆற்றில் நீர் சுழித்தது. மருதப்பன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பரிசல் மெல்லத் திரும்பியது. அரிவாள் அந்தக் கரையை விட்டு ஆற்றின் மேற்பக்கம் பார்த்தது. அங்கே சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு புறப்பட்ட கரையைப் பார்த்தது. புங்கமரத்தடிப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"ஐயா, நம்ம பக்கம் திரும்புது."

"பரிசல் சுத்தும் சார். அது யாரு கட்டினாங்கன்னு பார்க்காது."

அந்தக் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. புல்லறுப்பவர்களுக்கெல்லாம் மூத்தவள் மாதம்மாள். "யாருய்யா அது, அரிவாளைக் கட்டிக்கிட்டு வர்றது?"

"மருதப்பன்தான் அக்கா."

"நீயா? நீயே இப்படிச் செஞ்சா அப்புறம் யாரை நம்புறது?"

அவள் குனிந்து ஓர் அரிவாளை எடுத்தாள். பக்கத்தில் நின்றவர்களும் எடுத்தார்கள். அதைப் பார்த்து இந்தக் கரையிலும் குனிந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. தில்லைநாயகம் துண்டின் முடிச்சைக் காட்டினார்.

"அவிழ்த்துடுங்க ஐயா."

"நீங்களே அவிழுங்க."

அவர் விளிம்புக்கு நகர்ந்தார். பரிசல் அந்தப் பக்கமே சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. கட்டுவதற்கு ஒரு நொடி ஆனது. அவிழ்ப்பதற்குள் பரிசல் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டது. கடைசியில் அரிவாள் கையோடு வந்தது. விரலில் ரத்தம்.

"ஆத்துல போட்டுடவா?"

"போடலாம். நாளைக்கு யாரு கால் வைப்பாங்களோ. தண்ணி வத்தினா பரிசல் அடியைக் கிழிக்கும். எந்த ஊர்ப் பரிசல்னு அது கேக்காது."

தில்லைநாயகம் அரிவாளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"திரும்பிப் போ மருதப்பா," என்றாள் மாதம்மாள். "இன்னிக்கு இங்க இறங்க வேண்டாம்."

திரும்பினார்கள். பரிசல் கரை தட்டியது. தில்லைநாயகம் அரிவாளைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தார். அது ஒன்றுதான் அங்கே கிடந்தது. மற்றவை எல்லாம் கைகளில் இருந்தன.

"அதான் அவிழ்த்தாச்சே. ஏன் கீழ போட மாட்டேங்கறாங்க?"

"நீங்க அவிழ்த்ததை யார் பார்த்தாங்க சார்? நான் கட்டினதை எல்லாரும் பார்த்தாங்க."

"நாளைக்குச் சரியாயிடுமா?"

"நாளைக்கு நான் அந்தக் கரைக்குப் போய் மாதம்மாள் அக்காகிட்டத் திட்டு வாங்கணும். அப்புறம் இந்தக் கரையில வாங்கணும். எத்தனை நாளாகும்னு தெரியலை."

சுதர்சனம் கோப்பை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "அஞ்சாகப் போகுது சார்."

தில்லைநாயகம் பேனாவைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"என் கோள் மேல இருந்தா புயலாவது தெரியுமே ஐயா. நாலு பேராவது பிழைப்பாங்களே. அதுக்காகவாவது போடக்கூடாதா?"

மருதப்பன் இந்தக் கரையைப் பார்த்தார். பிறகு அந்தக் கரையைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் எல்லார் கையிலும் அரிவாள் இருக்கு சார். ஒருத்தராவது புல் அறுக்கிறாங்களா?"

தில்லைநாயகம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஐந்து மணி ஆனது. சுதர்சனம் நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது.