நாலாவது பிஸ்டன்

போடியில் மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் கோட்டைச்சாமி மேஸ்திரிக்கு ஒரு ஜீப் பட்டறை இருந்தது. ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அங்கேதான் வந்து படுக்கும். செத்துப்போன இன்ஜினைக்கூட மேஸ்திரி தொட்டால் இருமிக்கொண்டு எழுந்துவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். டிரைவர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனாலும் இதில் பெரிய பொய் இல்லை.

பட்டறையில் ஒரு வழக்கம். இன்ஜினைப் பிரித்துக் கட்டி முடித்தவன், அதன் பக்கவாட்டில் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி, தன் பெயரின் முதல் எழுத்தைப் பதிக்க வேண்டும். அதற்குக் குத்து என்று பெயர். சிஷ்யன் சன்னாசியின் குத்து 'ச'.

பேர்தான் சன்னாசி. வீட்டில் மனைவியும் கல்யாண வயதில் மகளும் உண்டு. தலை நரைக்கிற வரைக்கும் மேஸ்திரியிடமே இருந்துவிட்டவன். ஆஸ்தி என்று சொல்ல அவனுக்கு இருந்தது அந்த ஓர் எழுத்துதான். 'ச' போட்ட இன்ஜின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மலையேறலாம் என்று ஒரு பேச்சு இருந்தது.

ஒருநாள் ஆயில் மாற்ற ஒரு ஜீப் வந்தது. சன்னாசி பானெட்டைத் திறந்தான். அவன் கட்டிய இன்ஜின். 'ச' இருந்த இடத்தை யாரோ அரம் போட்டு ராவி மழுங்கடித்திருந்தார்கள்.

"என்னப்பா இது?"

டிரைவர் வேறு பக்கம் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்த எழுத்தோட போனா எஸ்டேட் கேட்டுல விட மாட்டேங்கிறாக."

சன்னாசி ஆயிலை மாற்றிக் கொடுத்தான். ஜீப் போனதும் நேராக மேஸ்திரி முன்னால் போய் நின்றான்.

விஷயம் இதுதான். எஸ்டேட்காரர் ஒருவர், மேடு ஏறும் பந்தயத்துக்காகப் பழைய ஜீப் ஒன்றைப் புதிதாகக் கட்டித் தரச் சொன்னார். இன்ஜினைக் கட்டியது சன்னாசி. பெட்ரோலும் காற்றும் கலந்து நான்கு சிலிண்டருக்கும் பிரிந்து போகிற குழாய்க்கு மேனிபோல்டு என்று பெயர். அதை மாற்றி அமைத்தது ஜெயவேல், மேஸ்திரியின் அக்கா மகன். கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளோடு கொஞ்ச நாள் சுற்றிவிட்டு வந்தவன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரைப் பெரிதாக வைத்தான். அது இன்ஜினுக்குப் பின்னால் இருந்த தகட்டில் இடித்தது. தகட்டை வெட்டச் சோம்பல்பட்டு, கார்புரேட்டர் உட்காரும் இடத்தையே முன்பக்கமாக நகர்த்திவிட்டான். பந்தயத்தில் பாதி மேட்டில், அத்தனை பேர் முன்னால், நாலாவது பிஸ்டன் வெந்து ஜீப் பின்னோக்கிச் சறுக்கியது. எஸ்டேட்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தார். இன்ஜினில் 'ச' இருந்தது. மேனிபோல்டில் குத்து வைக்கும் வழக்கம் இல்லை.

"அண்ணே, நாலாவது பிளக்கு சுண்ணாம்பா வெளுத்திருக்கு, அதுக்குப் பெட்ரோல் பத்தல, வெந்துரும்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"நீங்களும் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல? ஊரே என் எழுத்த ராவிக்கிட்டு இருக்கு."

மேஸ்திரி எஸ்டேட் ஜீப்பிலிருந்து கழற்றிய மேனிபோல்டை எடுத்து வைஸ் இடுக்கியில் இறுக்கினார். "டீக்கடையில போய் நாலு கிளாஸ் வாங்கிட்டு வா" என்றார்.

கேட்டதற்குப் பதிலா இது என்று சன்னாசிக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் போனான். பழக்கம் அப்படி.

குழாயின் நான்கு வாய்க்கும் கீழே நான்கு கிளாஸ். மேஸ்திரி சொம்புத் தண்ணீரை மேலே, கார்புரேட்டர் உட்காரும் ஓட்டை வழியாக நிதானமாக ஊற்றினார். முதல் கிளாஸ் நிரம்பி வழிந்தது. இரண்டாவது நிரம்பியது. மூன்றாவது அரை. நாலாவதில் சொட்டு சொட்டாக ஈரம்.

"என்ன தெரியுது?"

"கிட்ட இருக்கிறது குடிக்குது. தள்ளி இருக்கிறது காயுது."

"நான் ஓரவஞ்சனையாவா ஊத்துனேன்?"

"நேராத்தான் ஊத்துனீங்க. ஆனா ஓட்டையே அங்கிட்டுத்தானண்ணே நகந்து கிடக்கு."

மேஸ்திரி சொம்பைக் கீழே வைத்தார். நாலாவது கிளாஸை எடுத்து, அதிலிருந்த ஈரத்தை விரலால் துடைத்தார்.

"அவன் என் அக்கா மகன், சன்னாசி. வாய் வரல."

இதைக் கேட்கவா இத்தனை காலம் இவர் காலடியில் கிடந்தோம் என்று சன்னாசிக்குத் தோன்றியது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான்.

"எஸ்டேட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. எனக்கு அது போதும்."

"முதல்ல இதச் சரி பண்ணு" என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலையிலிருந்து சன்னாசி அதோடு மல்லுக்கட்டினான். இடித்த தகட்டை வெட்டினான். கார்புரேட்டர் உட்காரும் இடத்தைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தான். நாலாவதுக்குப் போகிற வழியை அரத்தால் ராவி ராவி அகலப்படுத்தினான். அலுமினியப் பொடி மீசையெல்லாம் ஒட்டியது. மேஸ்திரி நடுவில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போனார். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

சாயங்காலம் சன்னாசியே கிளாஸ்களை வைத்துத் தண்ணீர் ஊற்றினான். நான்கும் ஒரே மட்டத்தில் ஏறின. அவனை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருத்தம் இருந்தாலும் வேலை கூடி வந்தால் மனசு ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

"அண்ணே, பாத்தீங்களா!"

"பாத்தேன். நல்ல வேலை."

"அப்ப நாளைக்கு எஸ்டேட்டுக்குப் போவமா?"

"நான் போயிட்டு வந்துட்டேன்."

சன்னாசி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தான்.

"எல்லாத்தையும் சொன்னேன். மருமகன் செஞ்ச தப்பு, தெரிஞ்சும் நான் மூடி மறைச்சேன், உன் மேல ஒரு குத்தமும் இல்லன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'கூட இருக்கிற வேலைக்காரனக் காப்பாத்தச் சொந்த மருமகன் மேல பழியப் போடுறீகளே, உங்க மனசு யாருக்கு வரும் மேஸ்திரி'ன்னாரு. காப்பி குடுத்து, கேட்டு வரைக்கும் வந்து வழியனுப்புனாரு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"நம்பியிருப்பாரு."

சன்னாசிக்குக் கண் கலங்கியது. துடைக்கப் போனான். கையெல்லாம் அலுமினியப் பொடி. அப்படியே விட்டுவிட்டான்.

"அப்ப என் எழுத்து?"

மேஸ்திரி எழுந்துபோய், மேஜைக்கு அடியில் கிடந்த நாலாவது பிஸ்டனை எடுத்து வந்தார். தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. அதைச் சன்னாசியின் கையில் வைத்தார்.

"வழியச் சரி பண்ணிட்ட, சன்னாசி. இனி இதுல போடுற பிஸ்டன் எதுவும் வேகாது" என்றார். "இது வெந்துருச்சுடா."