மூலையில் நின்றவள்

“பேச்சிக்கனிய எடுக்கவே முடியாதுக்கா. நான் என்ன அவளுக்கு எதிரியா?” என்றாள் சுபாஷினி.

மாவட்டக் கபடி அணிக்குப் பயிற்சியாளர் இசக்கியம்மாள். சுபாஷினி அவளிடம் ஆடி வளர்ந்தவள். புள்ளியியல் படித்துவிட்டு, இப்போது துணைப் பயிற்சியாளராக வந்திருக்கிறாள். மடிக்கணினி இல்லாமல் மைதானத்துக்கு வரமாட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் கணக்கும் லேசுப்பட்டதல்ல. யார் கண்ணிலும் படாமல் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த கிரேசியைப் போன வருஷம் மாநில அணிக்கு அனுப்பியது அந்தக் கணக்குதான்.

இந்த முறை மாநில அணிக்கு அனுப்ப மிச்சம் இருந்தது ஒரே இடம். பேச்சிக்கனிக்கு அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். இப்போது போகாவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை என்ற கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான். அது சுபாஷினிக்கும் தெரியும்.

“எல்லா ஆட்டத்தையும் பாத்துட்டேன். இருக்கதுலயே குறைஞ்ச பிடி அவளுதுதான். மூலையில சும்மா நிக்கா.”

“கணக்கு சரியா?”

“ரெண்டு தடவ போட்டேன்.”

“அப்ப சரியாத்தான் இருக்கும்.”

இசக்கியம்மாள் அதிகம் பேசுகிற ரகம் இல்லை. திட்டுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பாள் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

“செருப்பக் கழட்டு,” என்றாள்.

“எதுக்குக்கா?”

“ஏழு பேரும் ஆடுகளத்துல நிக்காளுவ. நீ பாடிப் போ. ஒரு புள்ளி எடுத்துட்டு வா, உன் கணக்கு சொல்லுத ஆளையே அனுப்புதேன்.”

சுபாஷினிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் அவள் பாடி வந்தால் எதிரணி பின்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, “கபடி கபடி” என்று உள்ளே புகுந்தாள்.

வேப்பமரத்துப் பக்கம் பாய்ந்தாள். ஒதுங்கிவிட்டார்கள். கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி அதே பக்கம் காலை வீசினாள். படவில்லை. மூச்சு முட்டுகிற நேரத்தில் எட்டி ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி வந்து விழுந்தாள்.

“புள்ளி!”

“புள்ளிதான். சொன்ன சொல்லு மாற மாட்டேன், யார அனுப்பணும்னு நீயே சொல்லு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வேப்பமரத்துப் பக்கமேதான் போன. தண்ணித்தொட்டிப் பக்கம் ஏன் திரும்பவே இல்ல?”

“நல்லா கேட்டீங்க போங்க! அங்கன பேச்சிக்கனில்லா நிக்கா. அந்தப் பக்கம் போனா எவ உசுரோட...”



சுபாஷினி விழுந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள். மூலையில் பேச்சிக்கனி முழங்காலில் கைகளை ஊன்றி, இன்னும் குனிந்தபடியே நின்றாள்.

“அக்கா, எல்லா ஆட்டத்து வீடியோவும் என்கிட்ட இருக்கு,” என்றாள் சுபாஷினி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எந்தப் பக்கம் எத்தன பேரு போகாம இருந்தாளுவன்னு நான் எண்ணவே இல்லக்கா. இப்பவே உக்காந்து எண்ணுதேன்.”

“எண்ணு. முதல்ல அவ பேர அனுப்பிட்டு எண்ணு.”