கூழாங்கல்லைக் கடித்த நரி

ஏரிக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே செங்கண்ணி என்ற ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தாள். முட்டையும் கல்லும் ஒரே நிறம், ஒரே புள்ளி. பக்கத்தில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது!

நரியாலும் முடியவில்லை. மோந்து மோந்து மூக்குத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் அது பையும் புன்னகையுமாக வந்தது.

“தங்கச்சி! ஆளைக் கண்டால் கத்திக் கத்தி உன் தொண்டை என்னத்துக்கு ஆகும்? இந்தா, கேமரா. இலவசம்! முட்டையைப் பார்த்தபடி வை. எங்கே மேய்ந்தாலும் செல்போனில் பார்த்துக்கலாம்.”

“பாஸ்வேர்டு கேட்குதே, அண்ணே?”

“அதை நானே போட்டுட்டேன். உனக்கு எதுக்கு வீண் சிரமம்!”

“நரியண்ணன் திருந்திட்டார்!” என்று செங்கண்ணியின் கணவன் ஏகாம்பரம் உருகிப்போனான்.

மறுநாள் நரி அந்தப் பக்கம் வந்தது. வாய் சும்மா இருக்குமா?

“என்ன மாப்ளே, நேத்து அடைகாத்துக்கிட்டே தூங்கி விழுந்தீராமே!”

செங்கண்ணிக்குத் திக்கென்றது. நேற்று அங்கே ஈ காக்கை இல்லை. கேமரா மட்டும்தான் இருந்தது! நாம் இருவரும் ஒன்றாக மேயப் போகும் நேரத்துக்குத்தான் இந்த நரி காத்திருக்கிறது. போனால் முட்டை ஒன்றும் மிஞ்சாது!

நரி போனதும், காற்றில் விழுந்தது போல ஓர் இலையைக் கேமராமேல் போட்டாள். முட்டைகளைப் புதருக்குப் பின்னால் உருட்டினாள். அந்த இடத்தில் கூழாங்கற்களை அடுக்கிவிட்டு இலையை எடுத்தாள்.

கணவன் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கேமராவுக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்: “ஏங்க, அக்கரையில் நல்ல புழுவாம். ரெண்டு பேரும் போவோமா?”

“ஆகா! அப்போது முட்டைகள் தனியாக இருக்குமே! ஐயோ, காவலுக்கு ஒருவருமே இல்லையே!” என்று கூத்து மேடையில் நிற்பவன் போல ஏகாம்பரம் முழங்கினான். செங்கண்ணி அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

இருவரும் பறந்துபோய்ப் புதருக்குள் பதுங்கினார்கள். நரி நாலுகால் பாய்ச்சலில் வந்தது. ஒரே வாயாக அள்ளியது.

“கடக்!”

முன்பற்கள் மணலில் விழுந்தன.

“அண்ணே, படம் பிரமாதமாத் தெரியுது!” என்று புதருக்குள்ளிருந்து ஏகாம்பரம் செல்போனை ஆட்டினான். “ஏரிக்கரை முழுக்க அனுப்பிடட்டுமா?”

“ஷும்மா... ஷோதிச்ஷுப் பார்த்தேன்!” என்று நரி ஓட்டம் பிடித்தது. செங்கண்ணி கேமராவை ஏரிக்குள் தள்ளிவிட்டு, தொண்டை கிழியக் கத்தி ஊரையே எச்சரித்தாள்.

வீட்டுக்குள் வைக்கும் கண்ணின் சாவி பிறர் கையில் இருந்தால், அது உனக்குக் காவல் அல்ல, அவருக்கு ஒற்றன்.